மூக்கைத் தூக்கிய படகு

வெர்லன் டிட்மோருக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. டாப்ஸ் பெண்ட் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்களுக்கு முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இன்ஜினும் அவரிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது. ஆனால் மனுஷர்களிடம் முக்கியமான ஒரு பேச்சைப் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாடீனைக் கல்யாணத்துக்குக் கேட்கப் போனபோதுகூட, "என்னைக் கட்டிக்கிறியா" என்று அவர் கேட்கவில்லை. இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கிக்கொண்டு போய் வாசலில் நின்று, "எனக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணு உன் அளவுதான்னு தோணுது" என்றார். நாடீன் கெட்டிக்காரி, அவளுக்குப் புரிந்தது. "தேதி எப்போ?" என்று அவளே கேட்டுவிட்டாள். இல்லாவிட்டால் அந்த மனிதர் இன்றைக்கும் அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார்.

நாடீனுடைய அக்கா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பச்சை ஜெல்லிக்குள் துருவின கேரட்டைப் போட்டு உறைய வைத்து ஒரு பண்டம் கொண்டுவருவாள். வெர்லனுக்கு அதைக் கண்டாலே குமட்டும். பிடிக்காது என்று சொல்ல வாய் வராமல், பதினெட்டு வருஷமாக இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அக்காவோ, "வெர்லனுக்கு இதுன்னா உயிர்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் அந்தச் செப்டம்பரில் ஒரு சோதனை வந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தன்னோடு மீன் பிடிக்க வரும் ரோய்ஸ் லவ்லேடியிடம், 'நீ குண்டாகிவிட்டாய், என் படகிலிருந்து இறங்கிக்கொள்' என்று சொல்ல வேண்டிய நிலைமை. நிலைமை அதுதான் என்று அவராக நினைத்துக்கொண்டார்.

ரோய்ஸ் பெரிய உடம்புக்காரர். இளமையிலேயே பெரிய உடம்பு, மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இன்னும் பெரிதானது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவருக்கு 'போதும்' என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அது ஒரு திருவிழா. படகில் ஏறியது முதல் இறங்கும்வரை பேசுவார், சர்ச்சுப் பாட்டுகளை அபஸ்வரமாகப் பாடுவார், பிடித்த மீனுக்கெல்லாம் பழைய வாத்தியார்களின் பெயர் வைப்பார். தூண்டிலில் சிக்கிய மீனைக் கைவலையில் ஏந்தித் தூக்குவதில் அவரிடம் ஒன்றுகூடத் தவறியது கிடையாது. வெர்லனுக்கு இருந்த ஒரே பேச்சுத் துணை அவர்தான். வெர்லன் பேச வேண்டியதையும் சேர்த்து அவரே பேசிவிடுவார் என்பதால் இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

கஷ்டகாலம் இரண்டு கம்பங்களின் ரூபத்தில் வந்தது.

இப்போதெல்லாம் பாஸ் மீன் பிடிக்கிற படகு என்றால் பின்பக்கம் வலமும் இடமுமாக இரண்டு கம்பம் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் மடங்கியிருக்கும் கம்பம் சர்ரென்று இறங்கி ஏரித் தரையில் குத்தி நிற்கும். காற்றடித்தாலும் படகு அசையாது. மீன்பிடிக் கிளப்பில் எல்லோருடைய படகிலும் வந்துவிட்டது. ஊரோடு ஒத்துப்போக வேண்டாமா? ஓய்வு பெற்றதற்கு வெர்லன் தனக்குத் தானே அதை வாங்கிக் கொடுத்துக்கொண்டார். கம்பம் இரண்டு, அதை இயக்கும் எண்ணெய்ப் பம்பு இரண்டு, அதற்குத் தீனி போட இன்னொரு பேட்டரி. அத்தனையும் படகின் பின்பக்கத்தில், ஏற்கெனவே நூற்றைம்பது குதிரைசக்தி இன்ஜின் தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில், வரிசையாக உட்கார்ந்தன.

நாடீன் வந்து சுற்றிப் பார்த்தாள். "எதுக்கு இது?"

"படகு ஓடாம நிக்கிறதுக்கு."

"ஓடுறதுக்குன்னு ஒரு இன்ஜின், நிக்கிறதுக்குன்னு ரெண்டு கம்பம். வீட்டு வாசல்லயே நிறுத்தி வெச்சிருந்தா ரெண்டும் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் வாய் முகூர்த்தமோ என்னவோ, அதற்குப் பிறகு படகு ஓடவே யோசித்தது. முன்பெல்லாம் ஆக்சிலரேட்டரைத் தள்ளினால் மூக்கை ஒரு தடவை தூக்கி உடனே இறக்கி, நாலு செகண்டில் தண்ணீருக்கு மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு பறக்கும். இப்போது தள்ளினால் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு மூக்கு வானத்தைப் பார்த்தது. பிச்சை கேட்கிற நாய் மாதிரி அப்படியே நின்று, உறுமி, தண்ணீரை வாரி இறைத்து, பதினோரு செகண்டுக்குப் பிறகுதான் போனால் போகிறதென்று மூக்கை இறக்கியது.

பதினோரு செகண்டு ஒரு பெரிய விஷயமா என்று மற்றவர்கள் கேட்கலாம். 'சட்டி'யில் மீன் பிடிக்கிறவனைக் கேட்டால் தெரியும். ஏரியின் மேற்குக் கோடியில் அரை மைல் நீளத்துக்கு முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு பாசிப் பரப்பு. அதைத் தாண்டிப் பழைய ஓடைப் பள்ளம் ஒன்று இருக்கிறது. நூற்றெண்பது அடி நீளம், நல்ல ஆழம், உள்ளே கொழுத்த மீன். அதற்குப் பெயர்தான் சட்டி. உள்ளே போவது சுலபம். ஏரியிலிருந்து வேகமாக வந்து, பாசிக்கு மேலாகவே வழுக்கிச் சட்டிக்குள் இறங்கிவிடலாம். திரும்பி வருவதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த நூற்றெண்பது அடிக்குள் படகு மேலெழும்பியாக வேண்டும். எழும்பாவிட்டால் பெரிய இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டு, முன்னாலிருக்கும் சின்ன மோட்டாரில் பாசியைப் பிய்த்துப் பிய்த்து நாற்பது நிமிஷம் ஊர்ந்து வர வேண்டியதுதான்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை கிளப்பின் ஜோடிப் போட்டி. ஐந்து மீனைப் பிழைக்க வைத்து, சரியாக மூன்று மணிக்குள் தராசுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் ஒரு பவுண்டு வெட்டு. நாற்பது நிமிஷம் தாமதித்தால் கிளப்புக்கு நாமே மீன் கொடுக்க வேண்டியிருக்கும்.

எர்லீன் அம்மாளின் புழுக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தூண்டில், ஐஸ், அவித்த வேர்க்கடலை, படகு ரிப்பேர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கிற இடம் அது. இன்ஜினை ஓர் அங்குலம் உயர்த்து என்றார் ஒருவர். வெர்லன் உயர்த்தினார். அடியில் மெழுகு தேய் என்றார் இன்னொருவர். தேய்த்தார். இன்ஜினுக்குக் கீழே துடுப்பு மாதிரி ஒரு தகடு மாட்டு என்றார்கள், மாட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிப் பன்னிரண்டு செகண்டு ஆனது. எர்லீன் அம்மாள் கல்லாவிலிருந்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். எழுபத்திநாலு வயதுக்காரி, பத்து ஆண்கள் கூடிப் படகைப் பற்றிப் பேசும்போது தன் மூச்சை வீணாக்குவதில்லை.

அங்கிருந்த அத்தனை பேர் மனதிலும் இன்னொரு காரணம் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. ரோய்ஸ் அங்கேயே இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவன் பிடித்த மீன் எத்தனை அவுன்ஸ் என்று பத்துப் பேர் சண்டை போடுவார்கள், ஆனால் ஒரு மனுஷனின் எடையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது? எல்லோரும் படகைப் பார்த்தார்கள், ரோய்ஸைப் பார்த்தார்கள், பிறகு வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

வெர்லன் ராத்தூக்கம் கெட்டுக் கணக்குப் போட்டார். கம்பங்களும் பம்பும் பேட்டரியும் நூற்று நாற்பது பவுண்டு. ரோய்ஸ் எத்தனை? அது தெரிந்தால் ஒரு முடிவுக்கு வரலாம். ஆனால் கேட்கவா முடியும்? அப்போதுதான் அவருக்கு அந்த அற்புதமான யோசனை உதித்தது. யோசனை என்றா சொன்னேன்? ஒரு முழு மடத்தனம்.

ஊர்த் தீவன ஆலையில் லாரி எடை போடும் தராசு இருக்கிறது. நாய்த்தீனி வாங்கப் போகலாம் வா என்று ரோய்ஸைத் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டார். போகிற போக்கில் தராசுமேல் நிறுத்தினார்.

"இதுல எதுக்குடா ஏத்துற?" என்றார் ரோய்ஸ்.

"இல்ல... வண்டி எடை தெரிஞ்சிருந்தா... டிரெய்லருக்கு... டயருக்கு..."

தராசறைப் பெண் சீட்டை நீட்டினாள். ரோய்ஸ் இறங்கி உள்ளே போய்ப் பழைய சிநேகிதர்களிடம் அரட்டையடித்தார். ஆலைக்காரர்கள் தீனி மூட்டையை வண்டியில் போட்டார்கள். வெர்லன் சத்தமில்லாமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் தராசில் ஏற்றி, ரோய்ஸ் இல்லாமல் எடை போட்டு, இரண்டாவது சீட்டையும் வாங்கிக்கொண்டார். முதல் சீட்டில் இரண்டாவதைக் கழித்தார். இருநூற்றிருபது. எவ்வளவு சாமர்த்தியம்!

இதில் ஒரே ஒரு சின்ன விஷயத்தை அவர் மறந்துவிட்டார். அந்தத் தராசறையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து சீட்டு எழுதியவரே ரோய்ஸ்தான். சோளமும் சோயாவும் ஏற்றி வரும் லாரியின் டயர் அமுங்குவதைப் பார்த்தே எடை சொன்னவர். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, வெர்லன் கொல்லனிடமே ஊசியைத் திருடப் போயிருந்தார்.

ரோய்ஸ் திரும்பி வந்து ஏறினார். முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு சீட்டும் மல்லாந்து கிடந்தன. ஒரே ஒரு தடவை பார்த்தார். கையில் ஒரு பொட்டலம் சீஸ் பிஸ்கட் இருந்தது, பாதி தின்றது. அதன் வாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை பாடவே இல்லை. வெர்லனோ, இந்தக் கணக்கைப் பற்றி எப்படி வாயைத் திறப்பது என்ற கவலையில், ரோய்ஸ் பேசாததைக் கவனிக்கவே இல்லை.

திங்கட்கிழமை நாடீன் போனை வைத்துவிட்டு வந்தாள். "ரோய்ஸ் பேசினான். அவனுக்கு முழங்கால் வலியாம். சனிக்கிழமை வரலையாம்."

வெர்லனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சொல்லாமலே முடிந்துவிட்டதே! இறங்கின அதே வேகத்தில் இன்னொரு பாரம் ஏறியது. அது எதுவென்று அவருக்குப் பிடிபடவில்லை.

"முழங்காலா? பாவம்" என்றார்.

"என்ன பாவம்? நேத்து சர்ச்சுல விருந்து முடிஞ்சதும் ஆறு மேசைய ஒத்தை ஆளா மடிச்சுத் தூக்கிட்டுப் போனான், நான் பார்த்தேனே. இன்னொண்ணு சொன்னான் கேளு. தன் மருமகனைக் கூட்டிட்டுப் போகச் சொன்னான். 'நல்ல பையன், நூத்தி நாப்பது பவுண்டுதான்'னான்." நாடீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "மீன் பிடிக்க வர்றவனோட எடைய அவன் எதுக்குச் சொல்றான், வெர்லன்? நீ என்ன பண்ணின?"

வெர்லன் சுற்றி வளைத்து, டயரில் ஆரம்பித்து, நாய்த்தீனி வழியாகத் தராசுக்கு வந்து சேர்ந்தார்.

நாடீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவன் தராசுலயே அவனை நிறுத்தியா? கடவுளே! நேராக் கேட்டிருந்தா சிரிச்சிட்டுச் சொல்லியிருப்பானே. அந்த வீட்டுல அவன்கூடப் பேசறதுக்கு அந்தக் குளிர்பெட்டிய விட்டா வேற யாரு இருக்காங்க? வாரத்துல ஒரு நாள் உன் படகு. அதுவும் இப்போ போச்சு."

வெர்லனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பாருங்கள், மனுஷ மனசு எவ்வளவு கோணல். 'செய்தது தப்புதான், ஆனால் கணக்கு சரிதானே' என்று உள்ளே ஒரு குரல் முனகிக்கொண்டே இருந்தது. புதன்கிழமை அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல, தன்னந்தனியாகப் படகை இறக்கிச் சட்டிக்குப் போனார்.

சட்டியின் ஒரு கோடியில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை முழுக்கத் தள்ளினார். ரோய்ஸ் இல்லாத படகு பட்டென்று எழும்பியிருக்க வேண்டும். எழும்பியது மூக்கு மட்டும்தான். முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்கு எழும்பி, எதிரே ஏரி, மரம், கரை எதையும் காட்டாமல் மறைத்துக்கொண்டது. போதாததற்கு வெர்லன் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாயவும் செய்தது. எட்டு, ஒன்பது, பத்து. மூக்கு இறங்கவில்லை. பன்னிரண்டாவது செகண்டில் சட்டி தீர்ந்துபோய்ப் பாசி வந்தது. இன்ஜின் பச்சைக் கஞ்சியைக் கடைந்து, இருமி, நின்றது.

நாற்பது நிமிஷம். சின்ன மோட்டாரில் இரண்டு கஜத்துக்கு ஒரு தடவை பாசி சுற்றியது, ஒவ்வொரு தடவையும் முட்டி போட்டுப் பிய்த்தார். ஒரு கொக்கு பக்கத்தில் நடந்தே வந்து அவரை முந்திக்கொண்டு போனது. இப்படி மாட்டிக்கொண்டால் ரோய்ஸ் என்னவெல்லாம் சொல்லியிருப்பார் என்று யோசித்தார். கொக்குக்கு ஒரு வாத்தியார் பெயர் வைத்திருப்பார். தானே வைத்துப் பார்ப்போமென்று முயன்றார், ஒரு பெயரும் வரவில்லை. காலியாக இருந்த பக்கத்து சீட்டைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது. அறுபத்தொரு வயதில், முட்டி வரை பாசியோடு, நிஜமாகவே அழுதார்.

நேரே எர்லீன் அம்மாளின் கடைக்குப் போனார். நல்ல வேளையாக அங்கே ஆண்பிள்ளைகள் யாரும் இல்லை.

"என்ன கண்ணு, பாசிய வீட்டுக்குக் கொண்டு போறியா?" என்றாள் அவள்.

"எர்லீன் அம்மா, அவன் இல்லாமயும் படகு ஏறல. முன்னைவிட மோசம்."

"ஏறாது. உன் படகுல ரோய்ஸ் எங்க உட்காருவான்?"

"எனக்குப் பக்கத்து சீட்டுல."

"அது படகுக்குப் பின்பக்கமா, நடுவா?"

வெர்லன் யோசித்தார். "நடுவுலங்க."

"நடுவுலன்னா? பின்னால நீ தொங்கவிட்ட இரும்புக்கு முன்னாலதானே? சீசா பலகையில ஒரு பக்கம் நீ இரும்ப ஏத்தினே. இன்னொரு பக்கம் அமுக்கிப் பிடிச்சிட்டிருந்த ஒரே ஆளு அவன்தான். அவனையும் இறக்கிவிட்டுட்டு மூக்கு ஏன் மேல போகுதுன்னு எங்கிட்ட கேக்குற." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எத்தனை பவுண்டுன்னு மட்டும் பார்த்தீங்களே ஒழிய, எங்க உட்கார்ந்திருக்குன்னு ஒருத்தனாவது பார்த்தீங்களா? மீனை நிறுத்து நிறுத்து புத்தி அப்படிப் போச்சு."

"ஆமாங்கம்மா" என்றார் வெர்லன்.

அன்றும் மறுநாளும் அவள் சொன்னதை அவர் செய்தார். உயர்த்தின இன்ஜினை மறுபடி ஓர் அங்குலம் இறக்கினார். தகடு குப்பைக்குப் போனது. மூன்று இறக்கை புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, சாய்வு குறைந்த நாலு இறக்கை ஒன்றை அவள் கொட்டகையிலிருந்து எடுத்து மாட்டினாள். "உச்ச வேகத்துல மூணு மைல் குறையும். ஆனா புறப்படும்போது தண்ணிய இறுக்கிப் பிடிக்கும்" என்றாள். புதிய பேட்டரியைப் பின்னாலிருந்து பெயர்த்து முன் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒயர் இழுப்பதற்கு வெர்லன் படகின் வயிற்றுக்குள் மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்தார். ஓட்டிப் பார்த்தபோது ஏழு செகண்டு.

"சட்டிக்கு அஞ்சுக்குள்ள வேணும்" என்றார் வெர்லன்.

"மிச்ச ரெண்டு செகண்டு எங்கிட்ட இல்ல. கிளம்பும்போது முன் தளத்துல ஒரு ஆளு முட்டி போட்டுக் கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சுக் குனிஞ்சிருக்கணும். கனமான ஆளா இருக்கணும். படகு மேல வந்ததும் சீட்டுக்கு வந்துடலாம். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நான்தான் போவேன்." கல்லாவுக்குத் திரும்பினாள். "நீயே போய் அவனைக் கேளு. தராசை அனுப்பாதே."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோய்ஸ் தன் வீட்டுப் பின்கட்டில் பெரிய கொப்பரையில் கடலை அவித்துக்கொண்டிருந்தார். முழங்காலில் கட்டு எதுவும் இல்லை. வெர்லனைப் பார்த்ததும் ஞாபகம் வந்தவராக இரண்டடி நொண்டினார்.

"வாடா" என்றார். அவ்வளவுதான். மற்ற நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நாற்பது வார்த்தை வந்திருக்கும்.

"கடலை... கடலை அவிக்கிறியா" என்றார் வெர்லன்.

"ஆமா."

"நாளைக்குக் காத்து கிழக்கேருந்துன்னு சொல்றாங்க."

"சொன்னாங்க."

"உப்பு... உப்பு போட்டியா?"

"வெர்லன், என்ன வேணும்டா உனக்கு?"

நாக்கு வழக்கம்போல மேலண்ணத்தில் போய் ஒட்டியது. காற்று, உப்பு, டயர், நாய்த்தீனி, எந்த வழியாகவாவது ஓடிவிடலாமா என்று மனம் தேடியது. ரோய்ஸ் கரண்டியோடு காத்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தால்கூடத் தேவலை. வெட்கம் இருந்தது. தன் உடம்பைத் தானே மறைத்துக்கொள்ள இடமில்லாத ஒரு மனுஷனின் வெட்கம். அதைப் பார்த்ததும் வெர்லனுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் வாய் திறந்துகொண்டது.

"நீ வேணும். உன் எடை வேணும்" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டார். "உன்னைத் திருட்டுத்தனமா எடை போட்டேன். நான் ஒரு மடையன். நீதான் பாரம்னு நினைச்சேன். புதன்கிழமை நீ இல்லாம ஓட்டினேன், மூக்கு மேகத்தைத் தொட்டுச்சு. இத்தனை நாளா அதைக் கீழ பிடிச்சு வெச்சிருந்தவன் நீதான்டா. பின்னால இருந்த இரும்பு நான் ஏத்தினது. நாளைக்கு வா. முன்னால வந்து உட்காரு. நீ வரலன்னா நானும் போகல."

வெர்லன் தன் ஆயுசில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கொப்பரை கொதித்தது. ரோய்ஸ் அதைக் கிண்டினார், கிண்ட வேண்டிய அவசியமில்லாதபோதும் கிண்டினார்.

"சீட்டுல எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டார்.

"இருநூத்தி இருபது."

"தப்பு."

"கழிச்சுப் பார்த்தேனே."

"என்னத்தைக் கழிச்சே! ரெண்டாவது தடவை நிறுக்கறப்போ வண்டியில ரெண்டு மூட்டை நாய்த்தீனி இருந்துச்சு. மூட்டை நாப்பது பவுண்டு. இருபத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு கேவலமான எடைய நான் பார்த்ததில்லை." கரண்டியை வைத்தார். குரல் தணிந்தது. "முந்நூறுடா. சரியா முந்நூறு."

வெர்லன் மனக்கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது.

"முந்நூறா? அப்போ இன்னும் நல்லதாப் போச்சு!"

ரோய்ஸ் அவரை உற்றுப் பார்த்தார். இந்த ஆளுக்கு வேஷம் போடத் தெரியாது, அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது என்பது இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் அவருக்குத் தெரியும். முதலில் வயிறு குலுங்கியது, பிறகு தோள், பிறகு சத்தம் வந்தது. கொப்பரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சூடு பட்டுக் கையை உதறிக்கொண்டும் சிரித்தார்.

"முழங்கால் வலி?" என்றார் வெர்லன்.

"நாய்த்தீனியோட போச்சு. கடலை எடுத்துக்கோ."

சனிக்கிழமை இரண்டரை மணிக்குச் சட்டியில் இருவரும் இருந்தார்கள். மீன் தொட்டியில் ஐந்து வாத்தியார்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் பிழைக்க வைக்கத் தொட்டி நிறையத் தண்ணீர், அதுவும் பின்பக்கம்தான். தராசு அங்கிருந்து பதினைந்து நிமிஷ ஓட்டம். இங்கே எழும்பாவிட்டால் எல்லாம் போச்சு. ரோய்ஸ் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து முடுக்கிவிட்டு முன் தளத்தில் முட்டி போட்டார். கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தார்.

"வெர்லன்!"

"என்ன?"

"நான் விழுந்தா ஏரி கரை தாண்டும், கீழூருக்குச் சொல்லியனுப்பு!"

வெர்லன் ஆக்சிலரேட்டரைத் தள்ளினார். நாலு இறக்கையும் தண்ணீரை இறுக்கிப் பிடித்தன. மூக்கு ஒரு தடவை தூக்கப் பார்த்தது. முந்நூறு பவுண்டு அதன்மேல் குனிந்திருந்தது, அதன் வம்பு பலிக்கவில்லை. "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்று ரோய்ஸ் காற்றில் கத்தினார். "நாலு" காதில் விழவில்லை, அதற்குள் படகு தட்டையாகித் தண்ணீருக்கு மேல் வந்து வழுக்க ஆரம்பித்துவிட்டது. பாசிப் பரப்பு கீழே பச்சையாக ஓடியது. ரோய்ஸ் தவழ்ந்து வந்து சீட்டில் விழுந்து மூச்சு வாங்கினார். ஈரக் கண்ணைத் துடைத்துக்கொண்டு காற்றுதான் என்றார்.

"நாலு செகண்டுடா!"

"அஞ்சு."

"நாலு! எடை, நேரம் ரெண்டுலயும் உனக்குக் கணக்கு வராது!"

கரை சேரும்வரை இந்தச் சண்டைதான். பதிமூன்று நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். ஐந்து மீனும் சேர்ந்து பத்தொன்பது பவுண்டு, இரண்டாம் இடம். வழக்கமாக வருகிற இடம்தான்.

புழுக்கடை வைத்தியர்கள் அத்தனை பேரும் படகைச் சூழ்ந்துகொண்டார்கள். சட்டியிலிருந்து சரியான நேரத்துக்கு வந்துவிட்டானே! மெழுகா, தகடா, எது பலித்தது என்று அவரவருக்கு ஆவல்.

"என்னப்பா வெர்லன், கடைசியில எதை ஏத்தினே?"

ரோய்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெர்லன் காற்றைப் பற்றியும் பேசவில்லை, டயரைப் பற்றியும் பேசவில்லை.

"ரோய்ஸை முன்னால ஏத்தினேன்" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. "முந்நூறு பவுண்டு."

கூட்டத்தில் ஒருவர் தொப்பியைச் சரிசெய்தார், ஒருவர் வானத்தைப் பார்த்தார். ரோய்ஸ் மட்டும் நிமிர்ந்து நின்று வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

"முந்நூத்தி மூணு. காலைல கிரேவியோட சாப்பிட்டதை இவன் சேர்க்கல. இவன் நிறுத்தா எப்பவும் கம்மியாத்தான் வரும்."